பனிச்சங்காய்ச் சாறும் ஆவாரம்பூத் தேநீரும்

நைலோன் வலை வருவதற்கு முன்பு, பருத்தி நூலிலும் சணல் நூலிலும் முடைந்த வலைகளை வைத்துத்தான் திருகோணமலை மாவட்டத்துக் கொட்டியாரக் குடாவில் மீன் பிடித்தார்கள். அந்த வலை கடலில் நனையும், கரையில் அரைகுறையாகக் காயும், மறுநாள் மறுபடி நனையும். அப்படியே விட்டால் சில வாரங்களில் நூல் இற்றுவிடும். வலையை அறுத்தது மீனோ பாறையோ அல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை சுரக்கும் நொதிகள் நூலின் செல்லுலோசைத் துண்டு துண்டாக வெட்டித் தின்றன.

இலங்கைக் கரையோர மக்கள் இதற்குக் கண்ட மருந்து ஒரு காய். ஆற்றோரங்களிலும் குளக்கரைகளிலும் நிற்கும் பனிச்சை மரத்தின் காய். தாவரவியலார் டயோஸ்பைரஸ் மலபாரிகா என்பார்கள். கருங்காலியின் நெருங்கிய உறவு. பழுத்தால் மஞ்சளாகி, பிசுபிசுத்த சதையோடு தின்ன நன்றாயிருக்கும். ஆனால் வலைக்குப் பழம் உதவாது, காய்தான் வேண்டும். மேலே துரு நிறத்தில் மென்மயிர் படர்ந்த இளங்காயை இடித்துத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். முதலில் வெளிறிய சாறு இறங்கும். காற்றுப் பட்டதும் பழுப்பாகி, பிறகு கறுக்கும். அதில் வலையைத் தோய்த்து வெயிலில் விரித்தால் நூல் விறைத்துக் கறுப்பாகும். நிறம் மங்கத் தொடங்கியதும் மறுபடி தோய்க்க வேண்டும். தோணியின் பலகை இடுக்குகளை அடைக்கவும் இதே காயின் பிசின்தான். பனிச்சை இல்லாத இடத்தில் கண்டல் மரத்தின் பட்டையைக் கொதிக்கவைத்து அந்தச் சாயத்தில் தோய்த்தார்கள். வங்காளத்து மீனவர்களும் இதே பனிச்சங்காயைத் தங்கள் வலைக்கும் படகுக்கும் பூசினார்கள். இங்கிலாந்தில் ஓக் பட்டையில் வலை தோய்த்தவர்கள், பின்னாளில் பர்மாவிலிருந்து காசுக்கட்டியைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள்.

காயிலும் பட்டையிலும் காசுக்கட்டியிலும் இருப்பது தனின். பிஞ்சு வாழைக்காயைக் கடித்தால் வாய் இறுகுவதும் இதனால்தான்: உமிழ்நீரிலுள்ள புரதங்களைத் தனின் பிடித்துத் திரட்டிவிடுகிறது, நாக்கு வழுக்கும் தன்மையை இழக்கிறது. நொதிகளும் புரதங்களே. வலை நூலில் தனின் ஏறியிருந்தால், நூலை வெட்ட வந்த நொதியை அது பற்றிச் செயலிழக்கச் செய்துவிடும். வயிற்றோட்டத்துக்குப் பரியாரிமார் கொடுத்த துவர்ப்புக் குடிநீர்களும் இதே வேதியியலைக் கொண்டு வேலை செய்கின்றன. குடலின் மேற்பரப்பில் புரதம் திரண்டு, நீர்க்கசிவு குறைகிறது. கடற்தொழிலாளியும் பரியாரியாரும் ஒரே மூலக்கூறை வேறு வேறு தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

இந்த அறிவு எப்படிப் பிறந்தது என்று ஊகிப்பது கடினமில்லை. தோய்த்த வலையையும் தோய்க்காத வலையையும் ஒரே கடலில் போட்டால், ஒரு மாதத்தில் விடை தெரியும். அதைக் கரையில் நிற்கும் எல்லாரும் பார்ப்பார்கள். யார் சொன்னதையும் நம்பத் தேவையில்லை. இந்த அத்தியாயத்தில் நான் திரும்பத் திரும்பக் கேட்கப்போகும் கேள்வி இதிலிருந்தே வருகிறது: ஒரு செடியைப் பயன்படுத்தினால் அதன் விளைவு எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு தெளிவாகக் கண்ணில் படுகிறது?

திருகோணமலை மாவட்டத்தைப் போலச் செடி அறிவு செழிக்க வாய்ப்பான இடங்கள் இலங்கையில் குறைவு. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று இங்கே இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தத் துறைமுகத்தைச் சுற்றி ஒரு நாள் நடைத் தூரத்துக்குள் கண்டல் காடும் களப்பும் மணல்மேட்டுப் புதரும் பனங்கூடலும் குளக்கரையும் பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கிய உலர்காடும் இருப்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 335 கிலோமீட்டர் ஓடிவரும் மகாவலி கங்கை மூதூருக்கருகே கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. அதன் கிளையான வெருகல் ஆறு தெற்கே தனியாகக் கடல் சேர்கிறது. மழை ஐப்பசி தொடங்கித் தை வரை. அதன் பிறகு கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலம் வெடிக்கும்.

வெடிக்கும் நிலத்தில் செடிகள் எப்படிப் பிழைக்கின்றன என்பதில் இந்த அறிவின் மூலப்பொருள் கிடக்கிறது. மழைக்காட்டில் ஓர் இலையை ஆடு தின்றால் செடி இன்னோர் இலை விடும். உலர்நிலத்தில் ஓர் இலைக்குச் செலவிட்ட நீரைத் திரும்பச் சம்பாதிக்க மாதங்கள் ஆகும். ஆகவே செடி தன் இலையையும் காயையும் வேரையும் கசப்பாலும் துவர்ப்பாலும் நஞ்சாலும் காத்துக்கொள்கிறது. தில்லை மரத்தின் பால் கண்ணில் தெறித்தால் பார்வை தற்காலிகமாகப் போய்விடும். கண்டல் கரையில் விறகு வெட்டுபவர்கள் அதைத் தொடமாட்டார்கள். செடி தனக்காகச் செய்துகொண்ட இந்த ஆயுதங்களில் சிலவற்றைத்தான் மனிதர் மருந்தென்றும் சாயமென்றும் எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே வாழ்வோரும் பலர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த ஊர்களில் இருக்கிறார்கள். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பகுதிகளின் கரையில் தமிழ் பேசும் வேடர் சமூகங்கள் இருக்கின்றன. சார்ல்ஸ் செலிக்மனும் பிரெண்டா செலிக்மனும் 1911இல் வெளியிட்ட வேடர்களைப் பற்றிய நூலில் கரையோர வேடருக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. வேடர் என்றதும் மகியங்கனைக் காட்டை மட்டும் நினைப்பவர்களுக்கு, வலை வீசி, களப்பில் இறால் பிடித்து, சேனையும் செய்யும் இந்த மக்கள் நினைவுக்கு வருவதில்லை. காட்டுச் செடிகளையும் கரைச் செடிகளையும் ஒருசேர அறிந்தவர்கள் இவர்கள். அந்த அறிவை இவர்களிடமிருந்து எழுதிவைத்தவர்கள் மிகச் சிலரே. அது நமது வெட்கம்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக் கடந்துவிடுகிறேன். சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் தமிழில் சவண்டலை என்றும் வழங்கும் மரம் உலகச் சந்தையில் திருகோணமலை மரம் என்ற பெயரில்தான் விற்பனையானது. வளைந்து கொடுக்கும், எளிதில் பிளக்காது. மதராஸ் கரையின் அலையை எதிர்த்த மசூலாப் படகுகளுக்கும், இலங்கைச் சாராயத்தை ஊறவைக்கும் பீப்பாய்களுக்கும் இதையே தேடினார்கள். துறைமுகத்தின் பெயரை ஏற்று உலகம் சுற்றிய இந்த மரத்தை இன்று இந்த மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அடையாளம் காட்டுவார்கள் என்று எனக்குக் கவலையுண்டு.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். சம்பூர், மூதூர்ப் பக்கத்துப் பனங்கூடல்களில் பனம்பழம் விழும் காலம் முடிந்ததும் கொட்டைகளைப் பொறுக்கி மணல் பாத்தியில் அடுக்கி வைப்பார்கள். சில மாதங்களில் கிழங்கு இறங்கும். அதைக் கிண்டித் தோலுரித்து, இரண்டாகக் கிழித்து, வெயிலில் காயப்போட்டால் ஒடியல். அவித்துக் காயப்போட்டால் புழுக்கொடியல். புழுக்கொடியலை அப்படியே கடித்துத் தின்னலாம். ஒடியலை அப்படித் தின்பதில்லை. மரக்கட்டைபோல் காய்ந்த ஒடியலை இடித்து மாவாக்கி, அந்த மாவைத் தண்ணீரில் கரைத்து வைப்பார்கள். மாவு அடியில் படியும், மேலே கலங்கிய மஞ்சள் நீர் நிற்கும். அதை வடித்து ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீர் விடுவார்கள். மறுபடி வடிப்பார்கள். விரல் நுனியில் மாவைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, கசப்புப் போனபின்தான் துணியில் பிழிந்து எடுப்பார்கள். பிறகு தேங்காய்ப்பூவோடு பிட்டாக அவிப்பார்கள். அல்லது நண்டும் இறாலும் மீனும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டுக் கூழாகக் கொதிக்கவைப்பார்கள்.

வெறும் கசப்புக்காகவா இவ்வளவு பாடு? பேராதனையில் செனரத் அர்சகுலரத்னவும் உடன் ஆய்வாளர்களும் 1971இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பனங்கிழங்கு மாவைத் தீனியாகக் கொடுத்தபோது எலிகள் நச்சுக்கு ஆளாயின. பின்வந்த ஆய்வுகள் அந்த நஞ்சு நரம்பைத் தாக்குவதாகவும், மாவைப் போதிய அளவு சூடாக்கினால் அது போய்விடுவதாகவும் காட்டின. இப்போது அந்த அடுக்களையைத் திரும்பப் பாருங்கள். பச்சையாகக் காயவைத்த கிழங்கு மாவை யாரும் சும்மா வாயில் போடுவதில்லை. கழுவி, பிழிந்து, ஆவியிலோ கொதியிலோ நன்றாக வேகவைக்கிறார்கள். அவித்துக் காயவைத்த புழுக்கொடியலைக் கூசாமல் தின்கிறார்கள். ஆய்வுகூடம் சொன்ன விதியும் அடுக்களை கடைப்பிடித்த விதியும் ஒன்றுதான்.

செடிகளைப் பற்றிய புத்தகங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தச் செய்முறைதான். பனங்கிழங்கு சத்தானது, மாவுச்சத்து உடையது என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எத்தனை தண்ணீர் மாற்றுவது, எப்போது நிறுத்துவது, எவ்வளவு நேரம் வேகவைப்பது என்பது ஆச்சியின் விரல் நுனியில் இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கும் அப்படியே. சட்டியை மூடாமல் அவிக்கச் சொல்வார்கள். கிழங்கிலிருந்து வெளிவரும் ஐதரசன் சயனைட்டின் கொதிநிலை சுமார் 26 பாகை செல்சியஸ். திறந்த சட்டியிலிருந்து அது ஆவியாகிப் போய்விடும். சொன்னவர்களுக்குச் சயனைட் தெரியாது. மூடி அவித்தால் தலை சுற்றியது என்பது தெரியும்.

கச்சான் மாதங்களில் மகாவலியின் வில்லு எனப்படும் தாழ்நிலக் குளங்களும் ஆற்று மடுக்களும் குட்டையாக வற்றும்போது, மீன் பிடிக்க இன்னொரு வழி இருந்தது. மருக்காரை மரத்தின் காயை நசுக்கித் தண்ணீரில் கலக்கினால் மீன்கள் மயங்கி மேலே மிதக்கும். கையால் அள்ளலாம். அந்த மீனைத் தின்பவருக்கு ஒன்றும் ஆகாது. வேடர்கள் இதில் தேர்ந்தவர்கள். காயிலுள்ள பொருள் சப்போனின்; தண்ணீரில் நுரைக்கும், சவர்க்காரத்தைப்போல் ஒரு முனையில் நீரையும் மறுமுனையில் கொழுப்பையும் பற்றும். மீனின் செவுளில் நீருக்கும் இரத்தத்துக்கும் இடையே இருப்பது மெல்லிய கலங்களின் ஒரு படலம். சப்போனின் அந்தக் கலங்களின் மென்சவ்விலுள்ள கொலஸ்ட்ரோலைப் பற்றிச் சவ்வைச் சிதைக்கிறது. மீனுக்கு மூச்சு முட்டுகிறது. மனிதரின் குடலோ சப்போனினை மிகக் குறைவாகவே உறிஞ்சும்.

இதே பொருள் ஆபிரிக்காவில் ஒரு பெரிய கதையின் நடுவில் நிற்கிறது. எத்தியோப்பியாவின் மேட்டு நிலங்களில், ஓரோமோ மக்களும் அம்ஹாரா மக்களும் திக்ராய் மக்களும், எண்டோட் என்ற செடியின் காயைத் தலைமுறை தலைமுறையாகத் துணி துவைக்கப் பயன்படுத்தி வந்தார்கள். 1964இல் அட்வா நகரில் அக்லிலு லெம்மா என்ற இளம் எத்தியோப்பிய மருத்துவ அறிவியலாளர், ஓடையில் பெண்கள் துணி துவைக்கும் இடத்துக்குக் கீழே நத்தைகள் செத்துக் கிடப்பதைக் கவனித்தார். அவை பில்ஹார்சியா நோயைப் பரப்பும் நத்தைகள். எண்டோட்டின் சப்போனின் அவற்றைக் கொன்றிருந்தது. ஏழை நாடுகள் தம் ஓடைகளைத் தாமே சுத்தம் செய்ய ஒரு மலிவான வழி பிறந்தது. அவருக்கும் உடன் உழைத்த லெகெஸ்ஸே வோல்டே யோஹன்னஸுக்கும் 1989இல் மாற்று நோபல் என்று பேசப்படும் விருது கிடைத்தது. ஆனால் அதே செடியைக் கொண்டு அமெரிக்க ஏரிகளில் பெருகிய சிப்பிகளைக் கொல்லும் முறைக்கு அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகம் காப்புரிமை பெற்றது. துணி துவைத்த பெண்களுக்கு அதில் பங்கில்லை என்ற கோபம் எத்தியோப்பியாவில் எழுந்தது, நியாயமான கோபம்.

மருக்காரையை இன்று தண்ணீரில் கலக்கக் கூடாது. 1996ஆம் ஆண்டின் இலங்கைக் கடற்றொழில் சட்டம் நஞ்சூட்டி மீன் பிடிப்பதைத் தடை செய்கிறது. சரியான சட்டம்தான், குஞ்சும் கருவும் சேர்ந்து சாகும். அந்த அறிவு சட்டத்தோடு சேர்ந்து அழிய வேண்டியதில்லை என்பதே நான் சொல்வது.

நாக்கால் சோதிக்கக்கூடிய செடி இன்னொன்று உண்டு. சிறுகுறிஞ்சா இலை ஒன்றை மென்று துப்பிவிட்டு ஒரு சிட்டிகை சீனியை நாக்கில் போடுங்கள். மணலைப் போட்டதுபோல் இருக்கும். உதகமண்டலத்தில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் 1887இல் இந்த இலையிலிருந்து ஜிம்னீமிக் அமிலத்தைப் பிரித்தார். நாக்கிலுள்ள இனிப்பு ஏற்பிப் புரதத்தில் அது போய் ஒட்டிக்கொள்கிறது. அரை மணி நேரம், சிலருக்கு ஒரு மணி நேரம் இனிப்புத் தெரியாது. சீனிவியாதிக்கு இதைக் கொடுப்பது தென்னாசியா முழுவதும் உள்ள வழக்கம். ஆய்வுகளும் நடந்து வருகின்றன. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கிழக்கில் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்யும் குறிஞ்சா வேறு செடி. சிங்களத்தில் அங்குன எனப்படுவது, பெரிய இலை. சிறுகுறிஞ்சா சிங்களத்தில் மஸ்பெத்த. வறை தின்றுவிட்டுச் சிறுகுறிஞ்சா தின்றதாக நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தக் கொடிகள், இரண்டும் உண்ணத்தக்கவை. ஆகவே குழப்பத்தால் பெரிய கெடுதல் இல்லை. எல்லாக் குழப்பமும் அப்படி முடிவதில்லை. இதற்குத் திரும்பி வருகிறேன்.

விளைவு அவ்வளவு தெளிவாகக் கண்ணில் படாத ஒரு கதையும் இந்தக் கரையில்தான் தொடங்குகிறது. கொட்டியாரக் குடாவை ஆங்கில வாசகருக்கு அறிமுகம் செய்தது ஒரு சிறைப்பிடிப்பு. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துப் புயலில் பாய்மரம் இழந்த ஆன் என்ற கப்பல், புதுப் பாய்மரம் தேடி இந்தக் குடாவுக்கு வந்தது. 1660இல் கண்டி அரசனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸையும் பிடித்துப் போனார்கள். தந்தை பிடிபட்ட நிலையிலேயே இறந்தார். மகன் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருந்து, 1679இல் வடமேற்குக் கரையில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பினார். 1681இல் அவர் வெளியிட்ட நூல் இலங்கையின் மரஞ்செடிகளைப் பற்றி ஐரோப்பியர் படித்த நல்ல பதிவுகளில் ஒன்று. உலர் வலயத்தின் வடக்கில் சுற்றித் திரிந்தபோது குளத்துத் தண்ணீர் குடித்துக் கடுங்காய்ச்சலில் விழுந்ததையும், கஞ்சா இலையைக் காயவைத்துப் பொடித்துப் பனங்கட்டியைப் போன்ற கருப்பட்டியோடு காலையும் மாலையும் தின்னும்படி ஊரார் சொல்லிக் கொடுத்ததையும் அதில் எழுதினார். 1689 டிசம்பரில், நுண்ணோக்கியால் புகழ்பெற்ற ரொபர்ட் ஹூக், நொக்ஸிடம் கேட்டறிந்த அந்தச் செடியைப் பற்றி இலண்டன் ரோயல் சங்கத்தில் பேசினார்.

கஞ்சா குளத்து நீரின் கிருமியைக் கொன்றிருக்க வழியில்லை. குமட்டலை அடக்கும் தன்மை அதற்கு உண்டு என்பது இன்று உறுதியாகத் தெரியும். வயிறு அமைதியானதும் உடம்பு தானாகக் கிருமியை வென்றிருக்கும். பெயர் இலைக்குப் போயிற்று. நோய் தீர்ந்ததும் நோயின் தொல்லை தணிந்ததும் ஒன்றல்ல. வலையில், மீனில், கசப்பு மாவில் கண்ணில் பட்ட விடை தெளிவானது. காய்ச்சலில் அந்தத் தெளிவு இல்லை. பெரும்பாலான காய்ச்சல் மருந்தில்லாமலும் தணியும்.

விசகடி வைத்தியத்தில் இந்தச் சிக்கல் உயிரோடு விளையாடுகிறது. கிழக்கில் விசகடி வைத்தியர்களுக்குப் பெரிய மதிப்பு உண்டு; பல குடும்பங்கள் காசு வாங்காமல் அதைத் தருமமாகச் செய்தன. அவர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் கடிக்கும் பாம்புகளில் பல நஞ்சற்றவை. நஞ்சுள்ளவையும் எல்லாக் கடியிலும் நஞ்சை இறக்குவதில்லை. எந்த இலையைப் பிழிந்து கொடுத்தாலும், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும், பலர் பிழைத்துக்கொள்வார்கள். பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்வார். இறந்தவர் சொல்ல மாட்டார். இப்படிப்பட்ட இடத்தில் நூறு ஆண்டு அனுபவமும் தவறான விடையைத் தரும். கண்ணாடிப் புடையனோ நாகமோ கடித்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே உள்ள நஞ்செதிர் மருந்துக்கு மாற்று எந்தக் காட்டிலும் இல்லை.

விசகடிக்குக் கொடுக்கப்படும் மூலிகைகளில் ஈச்சுரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் உண்டு. இரண்டும் அரிஸ்டோலோக்கியா இனம். 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸ் நகரில் உடல் மெலிய மாத்திரை சாப்பிட்ட பெண்களின் சிறுநீரகங்கள் அடுத்தடுத்துக் கெட்டன. சீன மூலிகை ஒன்றுக்குப் பதிலாக, பெயர்க் குழப்பத்தால் அரிஸ்டோலோக்கியா வேர் கலந்துவிட்டிருந்தது. 1993இல் மருத்துவர்கள் காரணத்தைக் கண்டறிந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நூறைத் தாண்டினார்கள். அவர்களில் பலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தின் மரபணுப் பொருளிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. குறிஞ்சாக் குழப்பத்தைச் சிரித்துக்கொண்டு கடந்துவிடலாம்; இதைக் கடக்க முடியாது.

இனி ஆவாரை. கடலோர மணலிலும் வறண்ட வெளிகளிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும் செடி. பூவையும் இலையையும் காயவைத்துத் தேயிலைபோல் கொதிக்கவைத்துக் குடிப்பது இலங்கையின் உலர் வலயம் முழுவதிலும் வழக்கம். சிங்களவர் ரணவரா என்பார்கள். வெயிலுக்குக் குளிர்ச்சி, தோலுக்கு நல்லது என்று எல்லாருக்கும் பிடித்தது. 1981இல் அர்சகுலரத்னவும் குணதிலக்கவும் பானபொக்கவும் 50 இலங்கை மூலிகைகளைச் சோதித்தபோது மூன்றில் பைரோலிசிடின் அல்கலாய்டுகளைக் கண்டார்கள். ஒன்று கிலுகிலுப்பை இனம், ஒன்று குடசப்பாலை, மூன்றாவது ஆவாரை. அந்த மூலிகைகள் எலிகளின் ஈரலைக் கெடுத்தன. இந்த அல்கலாய்டு தானாக நஞ்சல்ல; ஈரல் அதை வெளியேற்றும் முயற்சியில் மாற்றும்போதுதான் நஞ்சாகிறது. அது ஈரலின் சிறு நாளங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கும். இன்று குடித்தவருக்கு நாளை ஒன்றும் தெரியாது. தெரிய வரும்போது பத்து ஆண்டுகளாகியிருக்கும்; அதற்குள் ஆவாரந்தேநீரை யார் நினைப்பார்கள்?

எப்போதாவது ஒரு கோப்பை குடிப்பவர் அஞ்ச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் ஈரல் நோயாளிகளும் தவிர்ப்பது நல்லது, தினமும் குடிப்பதை மற்றவரும் விடலாம். ஆனால் நம் முன்னோர் குடித்தார்கள், ஒன்றும் ஆகவில்லை என்ற வாதம் இங்கே செல்லாது. முன்னோரின் கண் கூர்மையானது. ஒரு மாதத்தில் இற்ற வலையையும் ஒரு மணி நேரத்தில் சுற்றிய தலையையும் அது தவறவிடவில்லை. பத்து ஆண்டு கழித்து வீங்கும் ஈரலை எந்தக் கண்ணும் செடியோடு சேர்த்துப் பார்க்காது. அங்கே எலியும் இரத்தச் சோதனையும் ஆய்வுகூடமும் வேண்டும். கிராமத்து அறிவைக் கும்பிடுபவர்களும் தூக்கி எறிபவர்களும் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. இரண்டு சாராரோடும் எனக்கு உடன்பாடில்லை.

இந்த அறிவு இப்போது எப்படி இருக்கிறது? நைலோன் வந்ததும் பனிச்சங்காய் வேலை இழந்தது. அதில் வருந்த ஒன்றுமில்லை, கடற்தொழிலாளியின் முதுகுக்கு அது ஓய்வு. வேறொரு முறிவு அப்படிப்பட்டதல்ல. 2006இல் போர் மூதூர் கிழக்கை நெருங்கியபோது சம்பூர், ஈச்சிலம்பற்று மக்கள் மட்டக்களப்புப் பக்கம் ஓடினார்கள். சம்பூர் மக்களில் பலர் கிளிவெட்டி போன்ற இடங்களில் தற்காலிகக் கொட்டில்களில் இருந்து, 2015க்குப் பிறகே தங்கள் காணிக்குத் திரும்பினார்கள். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். எட்டு வயதில் போன பிள்ளை பதினெட்டு வயதில் வந்தது. கிழங்குப் பாத்தி போடுவதும் காட்டுக்குள் எந்தக் கொடியை எந்த மாதத்தில் அறுப்பதும் கற்கும் வயது முகாமில் போய்விட்டது. ஆச்சிமாரில் சிலர் திரும்பி வரவேயில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அதற்கு முன்பே கரையோரக் குடும்பங்களைக் கலைத்திருந்தது.

எழுத்திலே நம்மிடம் ஒன்றுமில்லை என்பதில்லை. யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரமும் பரராசசேகரமும் மருத்துவ நூல்கள். ஹென்றி டிரைமன் 1893இல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவர நூல், செடிகளின் தமிழ்ப் பெயர்களையும் பதிவு செய்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. இல்லாதது நடுவிலுள்ள படி: இந்த ஊரில், இந்தச் செடியை, இன்ன மாதத்தில் எடுத்து, இத்தனை தண்ணீர் மாற்றி, இவ்வளவு நேரம் கொதிக்கவைத்து, இன்னாருக்குக் கொடுக்காமல் விட்டார்கள் என்ற குறிப்பு. ஆய்வுகூடத்துக்கு எங்கே தொடங்குவது என்று சொல்வது அந்தக் குறிப்புத்தான்.

பங்கு பற்றிய கேள்வியும் இருக்கிறது. கோத்தல ஹிம்புட்டு என்ற இலங்கைக் கொடியின் தண்டைக் குடைந்து செய்த கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பது சீனிவியாதிக்கு உள்ளூர் வைத்தியம். 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதிலிருந்து சலசினோல் என்ற பொருளைப் பிரித்தார்கள். மாவுச்சத்தைச் சீனியாக உடைக்கும் குடல் நொதியை அது தடுக்கிறது. காப்புரிமைகள் வெளிநாட்டில் பதிவாயின. கோப்பை செய்தவனின் ஊர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. உயிர்வளங்களின் பயனைப் பகிர்வது பற்றிய நகோயா உடன்படிக்கை 2010இல் வந்தது. ஆனால் யாரிடமிருந்து அறிவு வந்தது என்று எழுதிவைக்காத ஊருக்கு எந்த உடன்படிக்கையும் பங்கு வாங்கித் தர முடியாது.

ஆகவே வாசகரிடம் ஒரு வேண்டுகோள். மூதூரிலோ குச்சவெளியிலோ தம்பலகாமத்திலோ வெருகலிலோ உங்கள் வீட்டில் ஓர் அப்பாச்சியோ அம்மம்மாவோ மூத்தம்மாவோ இருந்தால், அவர் செய்யும் ஒரே ஒரு செடி வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கேட்டு நிறுத்தாமல் அவர் கூடவே இருந்து முழுவதையும் பாருங்கள்: எந்தப் பகுதி, எந்த மாதம், எத்தனை தண்ணீர், எவ்வளவு நேரம், யாருக்குக் கூடாது. பூவோடு ஒரு கிளையைப் பத்திரிகைத் தாளுக்குள் அழுத்திக் காயவைத்து, ஊரையும் தேதியையும் சொன்னவரின் சம்மதத்தோடு அவர் பெயரையும் எழுதி, திருகோணமலை வளாகத்திலோ பேராதனைத் தாவரவியல் பூங்காவின் தேசிய உலர்தாவரச் சேகரத்திலோ காட்டுங்கள். இந்த மாரி மழைக்குப் பிறகு செடிகள் பூக்கத் தொடங்கும், அப்போதே தொடங்கிவிடுங்கள்.